பாட்டு தனி, படம் தனி: வாசகர் கேள்விகள்

கல்யாண ஹைலைட்ஸில் சினிமாப் பாட்டு வைத்து யூடியூபில் ஏற்றினால் உடனே காப்பிரைட் கிளெய்ம் வருகிறது. பாட்டை எடுத்துவிட்டு ஏற்றி, "நீங்களே பாட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள்" என்று எழுதினால் போதுமா? (வீடியோகிராபர், மார்த்தாண்டம்)

போதும். உங்கள் வீடியோவில் பாட்டே இல்லை. பார்ப்பவர் தன்னிடம் உள்ள பாட்டைத் தன் வீட்டில் கேட்கிறார். ஆனால் பாட்டை எம்பி3 ஆக்கி, டிரைவ் லிங்கைக் கீழே போட்டீர்களென்றால் கதை வேறு. படத்திலிருந்து பிரித்துக் கொடுத்தாலும் அது நகல்தான். பலர் சறுக்குவது இங்கேதான். அப்புறம், எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். படத்தில் வரும் பாட்டும் ஆல்பத்தில் வரும் பாட்டும் நீளத்தில் வேறுபடலாம். பார்ப்பவர் சரியான நேரத்தில் பாட்டைத் தட்ட, வீடியோ தொடக்கத்தில் 3, 2, 1 என்று எண் காட்டுங்கள். இவ்வளவு செய்தும், வளைகுடாவில் இருக்கும் மாமா இரண்டு போனைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை பார்ப்பார். இரண்டாவது தடவை பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

மண்டபத்தில் பாட்டுப் போடலாம் என்று சட்டமே சொல்கிறதாமே? அதே வீடியோவை நெட்டில் ஏன் தடுக்கிறார்கள்? (தக்கலை)

1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52(1)(za) பிரிவைச் சொல்கிறீர்கள். மதச் சடங்கு, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டம் ஆகியவற்றில் பாட்டு ஒலிப்பதற்கான விலக்கு அது. நிகழ்ச்சி நடக்கும்போது ஒலிப்பது வேறு, பதிவு செய்து உலகம் முழுவதும் பார்க்க ஏற்றுவது வேறு. போதாக்குறைக்கு, யூடியூபின் கன்டென்ட் ஐடி என்பது ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம். அதற்கு உங்கள் மண்டபமும் தெரியாது, சட்டப் பிரிவும் தெரியாது.

நடன வகுப்பில் சத்தமில்லாத வீடியோவையும் பாட்டையும் லேப்டாப்பில் சேர்த்து ஓட்டுகிறேன். முதலில் சரியாக இருக்கிறது, போகப்போக விலகுகிறது. (நாகர்கோவில்)

இரண்டையும் தனித்தனி பிளேயரில் தட்டாதீர்கள், அக்கா. விஎல்சி என்ற இலவச பிளேயரில் மீடியா மெனு, ஓப்பன் மல்டிபிள் ஃபைல்ஸ். வீடியோவைச் சேர்த்து, ஷோ மோர் ஆப்ஷன்ஸைத் தட்டினால் 'ப்ளே அனதர் மீடியா சிங்க்ரனஸ்லி' என்று வரும். அங்கே பாட்டைக் கொடுங்கள். ஓடும்போது ஒலி முந்தினால் K, பிந்தினால் J. ஒரு தட்டலுக்கு 50 மில்லிசெகண்ட் நகரும்.

தொடக்கம் முதல் ஒரே அளவில் விலகியிருந்தால் இந்த இரண்டு எழுத்தே போதும். ப்ளூடூத் ஸ்பீக்கரால்கூட அப்படி ஆகும், வயர் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு நேரம் ஆக ஆக விலகுகிறது என்றால் வேகத்தில்தான் கோளாறு. போனில் எடுத்த வீடியோவின் ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பெரும்பாலும் நிலையாக இருக்காது. ஹேண்ட்பிரேக் மாதிரி இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' வைத்து மாற்றிவிட்டு மறுபடி சேருங்கள். அப்படியும் விலகினால், ஆடும்போது ஓடிய பாட்டும் இதுவும் ஒரே பதிப்பா என்று பாருங்கள்.

முழுக்கத் துல்லியம் வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். ஒலி சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். 125 வரை பிந்தினால் அவ்வளவாகத் தெரியாது. திருவிழா வாணம் கண்ணுக்கு முதலில், காதுக்கு அப்புறம்தானே வருகிறது? அந்தப் பழக்கம். சந்தேகம் என்றால் ஒலியைக் கொஞ்சம் பிந்த விடுங்கள்.

பத்து விநாடிக்குள் போட்டால் காப்பிரைட் கிடையாதாமே? (குளச்சல்)

இல்லை. அப்படி ஒரு விதியே கிடையாது. சுருதியை ஏற்றி இறக்கினாலும் இதே பதில்தான்.

அம்மன் கொடையில் (கோயில் திருவிழாவில்) பாடிய வில்லுப்பாட்டு ஒன்று 1990-இல் கேசட்டாக வந்தது. இப்போது எடுத்த கொடை வீடியோவோடு சேர்க்கலாமா? கதை பழசுதானே? (தோவாளை)

வாய்மொழியாக வந்த கதை யாருக்கும் சொந்தமில்லை. அந்தக் கேசட்டின் பதிவு அப்படியில்லை. ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆக 2050 முடியும்வரை. பாடும் புலவருக்கும் குழுவுக்கும் கலைஞர் என்ற முறையில் 50 ஆண்டு உரிமை சட்டத்தில் தனியாக உண்டு. இந்த வருஷக் கொடைக்கு வரும் புலவரிடம் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கி, மைக் வைத்து நீங்களே பதிவு செய்யுங்கள். உடுக்கும் குடமும் படத்தோடு தானாகவே பொருந்தி வரும், விஎல்சி வேலையும் மிச்சம்.