பழைய நெல் ரகங்களை விதை வங்கியில் பூட்டி வைப்பதால் என்ன பயன்?

முதலில் ஒன்று: அவை பூட்டிக் கிடப்பதில்லை. பிலிப்பைன்ஸில் லாஸ் பானியோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வங்கியில் 1,30,000-க்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு அதிலிருந்து சிறிதளவு அனுப்புகிறார்கள். பெறுபவர் ஓர் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். வாங்கிய விதையை அப்படியே தனக்கென உரிமை கொண்டாட முடியாது. இந்த நிபந்தனைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

சரி, பயன் என்ன? 1970-களில் புகையான் பூச்சி பரப்பிய புல்தழைக் குட்டை நோய் ஆசியாவின் வயல்களை அழித்தது. ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தும் பலனில்லை. கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில் எதிர்ப்புத் திறன் கிடைத்தது. அதைக் கலந்து உருவான ஐஆர் 36 என்ற நெல் ரகம் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தது. தானியமாக யாரும் மதிக்காத ஒரு களை அது! யாரோ சேகரித்து வைத்திராவிட்டால்?

வெள்ளத்தில் இரு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் சுவர்ணா சப்1 ரகத்துக்கும் மரபணு தந்தது ஒடிசாவின் பாரம்பரிய நெல்தான்.

விதையை நன்கு உலர்த்தி மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். ஆனாலும் அவ்வப்போது முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். முளைப்புத் திறன் குறைந்தால் மறுபடி விதைத்துப் புது விதை எடுக்க வேண்டும். அப்புறம், விபத்துக்கு அஞ்சி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் உள்ள விதைக் காப்பகத்திலும் பிரதிகள் வைத்திருக்கிறார்கள். கம்போடியாவில் போரும் பஞ்சமும் விதைகளை அழித்தபின், அந்நாட்டு ரகங்கள் லாஸ் பானியோஸ் வங்கியிலிருந்துதான் திரும்பிப் போயின.