டே கேர் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் டே கேர் நடத்துகிறேன். எட்டுக் குழந்தைகள், தலைக்கு மாதம் 4,500 ரூபாய். உதவிக்கு ஒரு ஆயா இருக்கிறார். எல்லாச் செலவும் போக 12,000 ரூபாய் நிற்கும். பெற்றோர் அனைவரும் தெரிந்தவர்கள். பேங்க், ஸ்கூல், எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். மே மாதம் ஊருக்குப் போனால் பாதிப் பணம்தான் தருகிறார்கள். மழைக்கு மூடினால் அந்த நாளைக் கழித்துக்கொள்கிறார்கள். ஆறு மணிக்கு வர வேண்டியவர்கள் ஏழு மணிக்கு வருகிறார்கள். நெட்டில் கிடைத்த இங்கிலீஷ் ஒப்பந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்து வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த இங்கிலீஷ் ஒப்பந்தம் வேண்டாம். உங்கள் ஊர் மழையும் சீசனும் அதில் இருக்காது. தமிழில் இரண்டு பக்கம் நீங்களே எழுதுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மாத வரவு 36,000, செலவு 24,000. மே மாதம் நான்கு குழந்தைகளுக்குப் பாதிப் பணம் வந்தால் 9,000 ரூபாய் குறைகிறது. ஆயா சம்பளமோ கரண்ட் பில்லோ அதற்காகக் குறையாது. சாப்பாட்டில் மட்டும் கொஞ்சம் மிச்சமாகும். ஒரு மாதம் முழுக்க எட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தயாராக இருந்துவிட்டு நீங்கள் வழக்கமான 12,000-ல் ஏறக்குறைய பாதியோடு நிற்கிறீர்கள். ஆகவே ஒப்பந்தத்தின் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: "மாதக் கட்டணம் குழந்தைக்காக ஒதுக்கி வைக்கும் இடத்துக்கானது, வந்த நாட்களைக் கணக்கிட்டு வசூலிப்பது அல்ல."

அதற்காக விடாப்பிடியாக இருக்கவும் வேண்டாம். ஒரு குழந்தைக்குச் சாப்பாடு, பால் செலவு மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு மாதமும் வராத குழந்தைக்கு, 30 நாள் முன்பே சொல்லியிருந்தால், அந்த ஆயிரத்தைக் குறைத்து 3,500 வாங்குங்கள். உங்களுக்கு உண்மையில் மிச்சமாகும் தொகை அதுதான். யாராவது கேட்டால் கணக்கை அப்படியே காட்டலாம்.

அடுத்தது மழை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டித் தீர்க்கும். உங்கள் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பயம். 2009 நவம்பர் மண்சரிவை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கும் நாளில் பேங்கும் எஸ்டேட் ஆபீஸும் திறந்திருக்கும். அம்மாக்களுக்கு டே கேர் மிகவும் தேவைப்படுவது அன்றைக்குத்தான். அதனால் "பள்ளி விடுமுறை என்றால் நாங்களும் விடுமுறை" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். பாதை பத்திரமாக இருந்து ஆயாவும் வர முடிந்தால் திறப்போம், இல்லையென்றால் காலை ஏழு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்வோம் என்று எழுதுங்கள். மழையால் நீங்கள் மூடும் நாட்களில் வருடத்துக்கு முதல் ஐந்து நாளுக்குக் கழிவு கிடையாது. ஆறாவது நாளிலிருந்து, மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டு, மாதக் கட்டணத்தில் 26-ல் ஒரு பங்கு, அதாவது நாளுக்குச் சுமார் 173 ரூபாய் கழித்துக் கொடுங்கள். நஷ்டத்தை இரண்டு பக்கமும் பகிர்ந்துகொண்டால் தெரிந்தவர்களிடம் மனஸ்தாபம் வராது.

தாமதத்துக்கு அபராதம் என்று பெரிய தொகை போட்டுப் பயனில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். கால் மணி நேரம் பொறுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு கால் மணிக்கும் 50 ரூபாய் போதும். ஏப்ரல், மே சீசனில் டூரிஸ்ட் வண்டிகளால் ரோடு அடைத்துக்கொள்ளும். அப்போது தாமதமாக வருபவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தினமும் ஏழு மணி ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு, ஏழு மணி வரை பார்த்துக்கொள்ள மாதம் 800 ரூபாய் என்று முன்கூட்டியே தனிக் கட்டணம் வையுங்கள். தினம் தினம் முகம் சுளிப்பதைவிட அது மேல். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, கூட நிற்கும் ஆயாவுக்குப் போக வேண்டும்.

சேரும்போது ஒரு மாத அட்வான்ஸ் வாங்குங்கள். நிறுத்துவதாக இருந்தால் 30 நாள் முன் சொல்ல வேண்டும். சொன்னால் அட்வான்ஸ் கடைசி மாதக் கட்டணத்தில் கழியும். எட்டுப் பேரிடமும் வாங்கினால் 36,000 ரூபாய் சேரும். அது உங்கள் வருமானம் இல்லை, தனி சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். வீட்டுச் செலவில் கலந்தால் ஒரே மாதத்தில் இரண்டு குழந்தைகள் நின்றாலும் திணறிப்போவீர்கள்.

உடம்பு விஷயத்தில் மலைக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள். வெறும் மூக்கு ஒழுகலுக்கெல்லாம் திருப்பி அனுப்பினால் டிசம்பரில் பாதி நாள் குழந்தையே இருக்காது. காய்ச்சல் மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், அம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டிய பிறகு வரலாம் என்றால் சரியாக இருக்கும். எந்த மருந்தும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் தர வேண்டும். குழந்தையை யார் யார் அழைத்துப் போகலாம் என்ற பட்டியல் கட்டாயம். ஆட்டோக்காரர் பெயர் உட்பட.

"விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி அந்த இங்கிலீஷ் தாளில் இருந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் கவனக்குறைவால் ஒன்று நடந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. முதலில் யாருக்குப் போன் செய்வோம், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று எழுதி, அதற்குப் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு (உங்கள் இடத்தில் பிறருக்கு அடிபட்டு நீங்கள் இழப்பீடு தர வேண்டி வந்தால் அதை ஏற்கும் பாலிசி) கிடைக்குமா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளில் விசாரியுங்கள். அனுமதி, பதிவு பற்றி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வரி பற்றிக் கவலை வேண்டாம். வருட வரவு 4,32,000. ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் வரம்பு எங்கோ இருக்கிறது. ஆனாலும் பணத்தை ஜிபேயில் வாங்கி வருமான வரி ரிட்டர்ன் போட்டுவந்தால், நாளைக்கு முத்ரா கடன் கேட்கும்போது வரவைக் காட்டலாம்.

இப்போது இருக்கும் பெற்றோருக்கு ஒரு மாதம் முன்பே தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஜூன் 1 முதல் நடைமுறை, கட்டண உயர்வும் இனி வருடா வருடம் அதே தேதியில். இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கியை இதில் சேர்க்காதீர்கள். அதைத் தனியாகப் பேசி, முடியாதவர்களுக்கு இரண்டு மூன்று தவணை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.