டெல்லியிலிருந்து கடிதம் வந்தால் மகள் மறுபடியும் யு.கே.ஜி. படிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் 2021 மே மாதம் பிறந்தவள். தனியார் மெட்ரிக் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். "ஆறு வயது முடியாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூடாது என்று டெல்லியில் கல்வித்துறைச் செயலாளர் கடிதம் போட்டுவிட்டார், இன்னொரு வருஷம் யு.கே.ஜி.யிலேயே இருக்கட்டும்" என்கிறார்கள் பள்ளியில். தெரிந்தவர் ஒருவர் 18,000 ரூபாய் கொடுத்தால் வயது விலக்குக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது முடியாவிட்டால் பிறப்புச் சான்றிதழையே 'சரி' பண்ணிவிடலாமாம். இப்போது விட்டால் நாளைக்கு நீட் எழுதும்போது வயது இடிக்கும் என்றும் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: 18,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள், யூனிஃபார்முக்கும் புத்தகத்துக்கும் ஆகும். மகளை ஒன்றாம் வகுப்பிலேயே சேருங்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று 5 வயது முடிந்திருந்தால் போதும். உங்கள் மகளுக்கு மே மாதமே முடிந்துவிடுகிறது. விலக்கே தேவைப்படாத இடத்தில் விலக்குக் கடிதம் எதற்கு?

டெல்லிக் கடிதம் என்பது பொய்யா என்றால், பொய் இல்லை. 2020 ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசியக் கல்விக் கொள்கை, ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்று கணக்குப் போடுகிறது. அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் அந்தக் கடிதத்தின் முகவரியைப் பாருங்கள். அது மாநில அரசுகளுக்குப் போனது. உங்கள் பள்ளித் தாளாளருக்கு யாரும் எழுதவில்லை.

செயலாளர் என்றால் யார் என்பதில்தான் குழப்பமே. மத்தியக் கல்வி அமைச்சகத்தில் பள்ளிக்கல்விக்கு ஒரு துறை, உயர்கல்விக்கு ஒரு துறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலாளர். அமைச்சருக்கு அடுத்தபடி துறையின் நிர்வாகத் தலைவர் அவர்தான். கொள்கைக் குறிப்பு தயாராவது, அமைச்சரவைக்குக் கோப்பு போவது, மாநிலங்களுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவருடைய துறையில் நடக்கும். ஆனால் கொள்கையை முடிவு செய்வது அமைச்சரவை. அதிலும் கொள்கை வேறு, சட்டம் வேறு. 1976இல் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது உண்மைதான். அதனால் டெல்லியும் சட்டம் போடலாம். சட்டம் போட்டால் கட்டுப்படுத்தும். கடிதம் போட்டால் கட்டுப்படுத்தாது.

அதிகாரி எவ்வளவு பெரியவரானாலும் இதுதான் நிலைமை. அமைச்சரவைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற நம் தஞ்சாவூர்க்காரர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் தலைமையில் 2015இல் புதிய கல்விக் கொள்கைக்காக ஒரு குழு போட்டார்கள். 2016 மே மாதம் அறிக்கை கொடுத்தார். அது கொள்கையாகவில்லை. அடுத்த ஆண்டே விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் வேறு குழு வந்துவிட்டது. நாட்டின் முதல் அதிகாரியாக இருந்தவர் எழுதியதற்கே இந்தக் கதி என்றால், உங்கள் தெரிந்தவர் வாங்கித் தரும் கடிதம் எந்த மூலைக்கு?

மத்தியச் செயலாளருக்கு உண்மையான பிடி இருக்கும் இடம் பணம். சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக்கல்வி நிதித் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பார்க்கும் திட்ட ஒப்புதல் வாரியத்துக்கு அவர்தான் தலைவர். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான பணம் நின்றது. அந்தப் பணத்திலிருந்துதான் கட்டணம் போகும் என்பதால், 2025இல் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் தரவேண்டிய 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை, பள்ளி திறக்கும் முன்பே முடிய வேண்டியது, அக்டோபர் வரை இழுத்தது. நாலு வயதுக் குழந்தைகளுக்கு டெல்லியும் சென்னையும் கொடுத்த முதல் பாடம் அது. நான் இந்தத் துறையில் இருந்தவன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிடியும் மாநிலத்தின் கழுத்தில்தான். உங்கள் மகளின் வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் உங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தும் காகிதம் எது? மாநில அரசின் அரசாணை. அதை ஒட்டிப் பள்ளிக்கல்வி இயக்குநரகத்திலிருந்து வரும் 'செயல்முறைகள்' என்ற எழுத்து உத்தரவுகள். இவற்றில் எண் இருக்கும், நாள் இருக்கும். "டெல்லியிலிருந்து லெட்டர் வந்திருக்கு" என்று யார் சொன்னாலும் சண்டை வேண்டாம், "சரிங்க, தமிழ்நாட்டு அரசாணை எண் என்னங்க?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மறுபடியும் யு.கே.ஜி. என்றால் மறுபடியும் ஒரு வருஷக் கட்டணம். இந்தக் கணக்கு பள்ளிக்குத் தெரியாதா?

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கேந்திரிய வித்யாலயா. அது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் அமைப்பு நடத்துகிற பள்ளி, மாநில விதி அங்கே செல்லாது. 2022-23 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும் என்று அங்கே மாற்றினார்கள். அதற்கு முன்பு 5தான். பெற்றோர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தோற்றார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. ஆகவே உங்கள் மகள் கே.வி.யில் சேர வேண்டுமானால் 2028 வரை, அதாவது இரண்டு வருஷம், காத்திருந்துதான் ஆக வேண்டும் (2027 மார்ச் 31 அன்றும் அவளுக்கு 6 முடிந்திருக்காது), அதில் பேச்சே இல்லை. கவனியுங்கள், தேதியும் வேறு: இங்கே ஜூலை 31, அங்கே மார்ச் 31. சிலர் சி.பி.எஸ்.இ. என்றாலே கே.வி. மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளி, பள்ளி இருக்கும் மாநிலத்தின் வயது வரம்பைத்தான் பின்பற்ற வேண்டும்; அந்த வாரியத்தின் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. உங்களுடையது மெட்ரிக் என்பதால் இந்தக் கேள்வியே எழாது. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் கே.வி. விதியைச் சொல்லி உங்களைக் கலக்குவார், அதற்காகத்தான் இவ்வளவும்.

கே.வி. பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எம்.பி. கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன் என்று இன்னமும் ஆட்கள் அலைகிறார்கள். ஒரு எம்.பி.க்குப் பத்து இடம் என்று இருந்த அந்த ஒதுக்கீட்டை 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டார்கள். இல்லாத இடத்துக்கு முன்பணம் வாங்குகிறவனிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இனி உங்கள் 'தெரிந்தவர்'. நான் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருந்தபோது ஒரு தகப்பனார் கவரில் மடித்து வைத்து ஒரு கடிதம் கொண்டுவந்தார். மேலே சிங்க முத்திரை, கீழே 'செயலாளர், இந்திய அரசு' என்று கையெழுத்து. கோப்பு எண் இல்லை. தேதியைக் காலண்டரில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. 12,000 ரூபாய் கொடுத்திருந்தார். ஒரு குழந்தைக்கு வயது விலக்குக் கொடுத்து டெல்லியில் ஒரு செயலாளர் கையெழுத்துப் போடுவார் என்று நம்புவது, நம் தெரு விளக்கு எரியவில்லை என்றால் மின்துறை அமைச்சர் ஏணி தூக்கிக்கொண்டு வருவார் என்று நம்புவது மாதிரி. அவர் பையனுக்கும் விலக்கு தேவைப்படவே இல்லை, வயது சரியாகத்தான் இருந்தது.

பிறப்புச் சான்றிதழில் மட்டும் கை வைக்காதீர்கள். எழுத்துப் பிழையைப் பதிவாளரிடம் திருத்தலாம், உண்மையான தேதியை மாற்றுவது திருத்தமாகாது, போலி ஆவணமாகிவிடும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். ஈமிஸில் (பள்ளிக்கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு) ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி என்று ஆகிவிட்டால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரும்போது அந்தப் பிள்ளைதான் அலுவலகம் அலுவலகமாக நிற்கும். தரகர் அப்போது நம்பரையே மாற்றியிருப்பார்.

நீட் பயத்துக்கு விரல் விட்டு எண்ணினாலே போதும். 2026 ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்றால் 2038 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. நீட்டுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 2038 மே மாதமே 17 முடிகிறது. ஏழு மாதம் மிச்சம்.

இப்போது செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். "என் மகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப மறுத்தால் காரணத்தையும் அரசாணை எண்ணையும் எழுத்தில் தரவும்" என்று முதல்வருக்கு அரைப் பக்கக் கடிதம் கொடுங்கள். நகலில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால், அந்த நகல், பிறப்புச் சான்றிதழ், யு.கே.ஜி. கட்டண ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலரைப் பாருங்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக ஒருவர் இருக்கிறார், தொடக்கக் கல்விக்காரரிடம் போய் நின்றால் இன்னொரு மாடிக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லிவைக்கலாம்.

டெல்லிக்கு மனு அனுப்ப வேண்டாம். அது சென்னைக்கு வரும், சென்னை மாவட்டத்துக்கு அனுப்பும், கடைசியில் நீங்கள் நேரில் பார்த்திருக்கக்கூடிய அதே மேஜைக்குப் பள்ளி திறந்த பிறகு வந்து சேரும். அப்புறம், திங்கட்கிழமை போகாதீர்கள். ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் என்று அதிகாரி அங்கே போயிருப்பார். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் போங்கள்.