உப்புத் தண்ணீரும் அயனி மேகமும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: மின்னூட்டங்களுக்கு இடையிலான கூலும் விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மெல்லத்தானே குறையும்? உப்புக்கரைசலில் மட்டும் சட்டென்று காணாமல் போவது ஏன் சார்?

பதில்: விதி மாறவில்லை. ஒரு சோடியம் அயனியைச் சுற்றிச் சராசரியாகக் குளோரைடு கொஞ்சம் கூடுதலாகவும் மற்ற சோடியம் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும், இதுதான் அயனி மேகம், அந்த மிச்சத்தைக் கூட்டினால் நடுவில் இருப்பதற்குச் சரியாக எதிரான மின்னூட்டம் வரும், அதனால் தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி. எவ்வளவு தள்ளி என்பதுதான் டிபை நீளம். 1923-ல் டிபை, ஹூக்கல் என்ற இரு விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. 25 டிகிரியில், லிட்டருக்கு 0.1 மோல் உப்பு என்றால் சுமார் 1 நானோமீட்டர். நூறு மடங்கு நீர்த்தால் 10.

கேள்வி: அந்த மேகம் பாடப்புத்தகப் படம் போல ஓடாகச் சுற்றி நிற்குமா?

பதில்: படத்தை மறந்துவிடுங்கள். மேலே சொன்ன 0.1 மோல் கரைசலில் 1 நானோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்குள் இரண்டு வகையும் சேர்த்துச் சராசரியாக அரை அயனிதான் இருக்கும்! பாதி நேரத்துக்கு மேல் அங்கே யாருமே இல்லை. வெப்பத்தில் அலைந்துகொண்டே இருப்பவற்றைக் காலப்போக்கில் சராசரி எடுத்தால் வருவதே மேகம்.

கேள்வி: டிபை நீளத்தின் சூத்திரத்தில் வெப்பநிலை மேலே, அதாவது பின்னத்தின் தொகுதியில், இருக்கிறது. சூடாக்கினால் டிபை நீளம் கூடும், சரிதானே?

பதில்: எல்லோரும் விழும் குழி, நானும் விழுந்திருக்கிறேன். தண்ணீரின் ஒப்புமை விடுதிறனும் (மின்விசையைத் தண்ணீர் எத்தனை மடங்கு குறைக்கிறது என்ற எண்) அதே சூத்திரத்தில் மேலேதான் இருக்கிறது, அது 0 டிகிரியில் சுமார் 88, 100 டிகிரியில் 56-க்குப் பக்கம். கெல்வினில் வெப்பநிலையோடு பெருக்கிப் பாருங்கள், குறைகிறது. ஆகவே தண்ணீரில் நீளம் லேசாகச் சுருங்கும். பிளாஸ்மாவில், அதாவது அயனிகளாகப் பிரிந்த வாயுவில், நீங்கள் சொன்னதுதான் சரி.

கேள்வி: கரைசலுக்குள் கற்பனையாக ஒரு பெட்டி வரைந்தால் அதன் மொத்த மின்னூட்டம் எப்போதும் பூஜ்யமா?

பதில்: சராசரி பூஜ்யம், ஏற்ற இறக்கம் உண்டு. சுவாரசியம் இங்கேதான். அயனிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் திரிந்தால், பக்கத்தை இரட்டிக்கும்போது மின்னூட்ட இருமடியின் சராசரி 8 மடங்காகும், கொள்ளளவைப் போல. நிஜத்தில் பெட்டி டிபை நீளத்தைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால் 4 மடங்குதான், பரப்பைப் போல. உள்ளே இருக்கும் அயனியின் மேகமும் உள்ளேயே இருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது. சுவரோரத்து அயனிக்குத்தான் மேகம் பாதி உள்ளே, பாதி வெளியே.

கேள்வி: கடல் நீருக்கும் இதே சூத்திரம் போடலாமா?

பதில்: போட்டால் 0.4 நானோமீட்டருக்கும் குறைவாக வரும். அயனியின் பருமனே கிட்டத்தட்ட அவ்வளவு, அதனால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். ஆனால் மேகம் மின்னூட்டத்தை மறைப்பது நிஜம்: ஆற்று நீரில் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளி மிதந்துவரும் களிமண் துகள்கள் முகத்துவாரத்தில் உப்பைக் கண்டதும் திரண்டு படிவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.