கடலோர வீட்டில் வளர்ந்த மரங்களுக்கு வெயில் காலத்தில் எப்படித் தண்ணீர் விடுவது, புயலுக்கு முன் எவ்வளவு வெட்டலாம்?

கேள்வி இதுதான்: திருவொற்றியூரில் கடலுக்கு அரை கிலோமீட்டர் தள்ளி வீடு. வாசலில் வேம்பு, பின்பக்கம் மாமரம், ஒரு தென்னை. மூன்றும் 20 வயது தாண்டியவை. தினமும் மரத்துக்கு இரண்டு பக்கெட் போர் தண்ணீர் ஊற்றியும் மாவிலை ஓரமெல்லாம் கருகுகிறது. மழைக்காலம் வரும் முன் மூன்றையும் மொட்டையடித்துவிடலாமா?

முதலில் அந்த இரண்டு பக்கெட்டை நிறுத்துங்கள். வளர்ந்த மரத்துக்கு அது தண்ணீரே இல்லை. வெயில் காலத்தில் அந்தத் தண்ணீர் மேல்மண்ணோடு நின்று அன்றைக்கே ஆவியாகிவிடும், அதிலிருந்த உப்பு மட்டும் அங்கேயே தங்கும். மாசி முதல் வைகாசி வரை நமக்குச் சொல்லிக்கொள்ளும்படி மழை கிடையாது. அத்தனை மாதமும் தினம் கொஞ்சம் உப்பு சேர்ந்துகொண்டே போனால் வேம்பும் தென்னையும் சமாளித்துக்கொள்ளும், மா சமாளிக்காது. உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பழ மரங்களில் மாவும் ஒன்று.

கருகல் எதனால் என்பதை இலையே சொல்லிவிடும். அடிக்கிளையில் இருக்கும் முதிர்ந்த இலைகள் நுனியில் தொடங்கி ஓரமாகப் பழுப்பேறி, கருகிய இடமும் பச்சை இடமும் கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றால் அது பெரும்பாலும் மண்ணில் உள்ள உப்பு. கிழக்கே கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகியிருந்தால் உப்புக்காற்று. வாரம் ஒரு முறை காலையில் டியூப் போட்டு இலைகளை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும், தூசியும் போய்விடும். இலை துவண்டு தொங்கிப் பிறகு மஞ்சளாகி உதிர்ந்தால்தான் தண்ணீர்ப் பஞ்சம். சாம்பல் சத்து குறைந்தாலும் ஓரம் கருகும் என்பதால் பலர் கடையில் பொட்டாஷ் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். சாதாரணமாகக் கிடைக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. கருகும் மாவுக்கு அதைப் போட்டால் நிலைமை மோசமாகும். போட்டே ஆகவேண்டுமென்றால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேட்டு வாங்குங்கள். தென்னைக்கு மியூரியேட்டே நல்லது, குளோரைடு அதற்குத் தேவை.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மீட்டர் காட்டும் எண் 450க்குக் கீழே இருந்தால் மாவுக்குப் பயமில்லாமல் விடலாம். 2,000ஐத் தாண்டினால் மாவுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம், வேம்புக்கும் தென்னைக்கும் விடலாம்.

இப்போது அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். மரத்தின் கிளை விரிப்பு நடுவிலிருந்து 2 மீட்டர் என்று வைத்தால் பரப்பு சுமார் 12.5 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் விட்டால் மணல் மண்ணில் ஏறத்தாழ ஓர் அடி ஆழம் நனையும். அதற்கு 310 லிட்டர் வேண்டும். நம்ம பிளாஸ்டிக் குடத்தில் இருபது, இருபத்தொன்று. வேர்கள் தண்ணீர் உறிஞ்சுவது பெரும்பாலும் மேல் இரண்டு அடிக்குள்தான் என்பதால் 600 லிட்டர் விட்டால் ஒரு முறைக்கு நிறைவு. அதிகமாகத் தெரியும். ஆனால் அக்னி நட்சத்திரத்தில்கூட மாவுக்கு 10, 12 நாளுக்கு ஒரு முறை விட்டால் போதும்; இடையில் ஒரு சொட்டும் வேண்டாம். இப்படி மொத்தமாக விடும்போதுதான் மேலே தங்கிய உப்பு வேருக்குக் கீழே இறங்கும். ஒரே மூச்சில் திறந்துவிடாமல் மெல்லிய டியூப்பில் இரண்டு மூன்று மணி நேரம், இடம் மாற்றி மாற்றி விடுங்கள். அடிமரத்தை ஒட்டி விடக்கூடாது. கிளை விரிப்பின் பாதியிலிருந்து விளிம்புக்குச் சற்று வெளியே வரைக்கும் உள்ள வட்டத்தில் விடுங்கள். மறுநாள் ஓர் அடி தோண்டி ஒரு பிடி மணலை எடுத்து அழுத்துங்கள். பிடித்த பிடியாக நின்றால் சரி, பொலபொலவென்று உதிர்ந்தால் பற்றவில்லை.

தென்னை அப்படி இல்லை, அதற்கு அடிக்கடி வேண்டும். கோடையில் நாலைந்து நாளுக்கு ஒரு தடவை, அடியிலிருந்து 1.8 மீட்டர் வரை வட்டப்பாத்தி கட்டி 250 முதல் 300 லிட்டர். நல்ல நிலையில் இருக்கும் வேம்புக்கு மாதம் ஒரு முறை விட்டாலே தாராளம்.

வீட்டுத் தண்ணீரில் ஏசியிலிருந்து சொட்டுவதில் உப்பே கிடையாது. ஒரு பக்கெட் வைத்துப் பிடித்து அப்படியே மாவுக்கு ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் நேர் எதிர், உப்பு கூடுதலாகச் சேர்ந்தது. வாஷிங் மெஷின் தண்ணீரில் சோடியம் அதிகம். மீன் கழுவிய தண்ணீர் உரம் என்று ஊற்றுவது காசிமேடு பக்கம் வழக்கம். ஒரு கிண்ணம் பரவாயில்லை, ஐஸ் பெட்டி உருகிய உப்புத் தண்ணீரை மரத்தடியில் கவிழ்ப்பது வேரைக் கொல்லும்.

உப்புக்கு உண்மையான மருந்து மழைதான். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். ஐப்பசி மழையில் மாடிக் குழாயை மாமரப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். மணலில் தேங்காது, உப்பைக் கழுவிக்கொண்டு இறங்கிவிடும்.

பிறகு தரை. வாசல் வேம்பைச் சுற்றி அடிமரம் வரை சிமெண்ட் பூசியிருக்கிறீர்களா? வடசென்னைத் தெருக்களில் பல வீட்டில் இப்படித்தான். வேருக்குத் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மீட்டர் உடைத்துத் திறந்துவிடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும். தளத்துக்கு அடியிலேயே வேர் ஓடிக்கொண்டிருக்கும். ஜல்லியை அள்ளிவிட்டு, அடிமரம் விரிந்து மண்ணுக்குள் இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி விடுங்கள். அதன் மேல் மண் அணைத்தால் பட்டை அழுகும். காய்ந்த இலையை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பி, அடிமரத்தை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். சருகைக் கூட்டி மரத்தடியிலேயே கொளுத்துவதை அறவே விடுங்கள். வேம்பில் அம்மனுக்குப் புடவை கட்டியிருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். விளக்கும் கற்பூரமும் பட்டையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும். பட்டைக்குள் இருக்கும் உயிர்த் திசு அந்தச் சூட்டில் வெந்துபோகும், பாதிப்பு வெளியே தெரிய ஒன்றிரண்டு வருஷமாகும்.

மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டுவது இயல்பு, தளிர்த்துவிடும். மழைக்காலத்தில் நுனிகள் மட்டும் பழுப்பாகிக் கருகினால் அது பூஞ்சை நுனிக்கருகல். பயங்கரமாகத் தெரிந்தாலும் பெரிய மரம் அடுத்த தளிரில் மீண்டுவிடும், மருந்தடிக்க வேண்டாம். சந்தேகமிருந்தால் குச்சியை நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது.

மொட்டையடிப்பது வேண்டவே வேண்டாம். வெட்டிய முண்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும் கிளைகள் மரத்தோடு ஆழமாகப் பிணையாமல் மேலாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் கனம் ஏறியதும் அவைதான் புயலில் முதலில் முறியும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. வேரை வெட்டிவிட்டோ மூடிவிட்டோ தலையை எவ்வளவு மழித்தாலும் மரம் நிற்காது. வாசலில் வடிகால், கேபிள் என்று பள்ளம் எடுக்க வந்தால் கூடவே நில்லுங்கள். அடிமரத்தின் குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 1.2 மீட்டருக்குள் ஜேசிபி வரவே கூடாது. அதற்கு வெளியே அறுபடும் வேரையும் பிய்த்தெறிய விடாமல் ரம்பத்தால் சீராக அறுக்கச் சொல்லுங்கள்.

வெட்டவேண்டியது காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, கூரை மேல் சாய்ந்தவை. பச்சைக் கிளையில் கால்வாசிக்கு மேல் ஒரே வருஷத்தில் கைவைக்காதீர்கள். மாவுக்குக் காய் முடிந்து ஆடியில், வேம்புக்கு ஆவணிக்குள். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியாக மிச்சமுள்ள முண்டை, கிளை சேரும் இடத்தில் வளையல் போலத் தடித்திருக்கும் பாகத்துக்கு வெளியே. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டே இறங்கும். தார், பெயிண்ட் எதுவும் பூசத் தேவையில்லை. தென்னையில் காய்ந்த மட்டை, பாளை, முற்றிய காயை மட்டும் இறக்குங்கள்.

கரண்ட் கம்பிக்காகத் தெருப்பக்கம் மட்டும் வெட்டிவிட்டுப் போயிருந்தால் பாரம் முழுக்க வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் பக்கம் நீண்ட கிளைகளை நுனியில் குறைத்துச் சமன் செய்யுங்கள். வேம்பு காம்பவுண்டுக்கு வெளியே நிற்கிறதென்றால் அது மாநகராட்சி மரம். நீங்களாக ஆள் வைத்து வெட்டாமல் 1913க்குப் பேசிப் பதிவு செய்யுங்கள். ஆள் வரும் நாளில் எந்தக் கிளை, எங்கே வெட்டு என்பதைச் சுண்ணாம்பால் குறித்து வைத்துவிட்டு அருகிலேயே இருங்கள்.