பக்கத்திலேயே பேரங்காடி வந்துவிட்டால்: மளிகைக் கடைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: சிங்கப்பூரின் யீஷூனில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். எதிரே பேரங்காடி திறந்த பிறகு, 5 கிலோ பொன்னி அரிசி எங்கள் கொள்முதல் விலைக்கும் கீழே போகிறது. நாங்களும் எல்லாவற்றிலும் 10 விழுக்காடு குறைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 8 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கி 10 வெள்ளிக்கு விற்கும் பொருளில் உங்களுக்கு 2 வெள்ளி நிற்கிறது. விலையை 9 ஆக்கினால் 1 வெள்ளிதான் நிற்கும். பழைய லாபத்தை எடுக்கவே இரண்டு மடங்கு விற்றாக வேண்டும். வாடகை குறையாது, கடையில் நிற்கும் ஆளும் அதே ஆள்தான்.

பேரங்காடிக்கு அரிசியும் எண்ணெயும் ஆளை உள்ளே இழுக்கும் சரக்கு. அதில் விட்டதை ஷாம்பூவிலும் பிஸ்கட்டிலும் பிடித்துவிடுவார்கள். மொத்தமாக எடுப்பதால் தள்ளுபடியும் கடன் தவணையும் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். அந்த ஆட்டத்துக்குள் நீங்கள் போகக்கூடாது.

அரிசி, எண்ணெய், மைலோ, முட்டை, பால் ஆகியவற்றின் விலை வாடிக்கையாளருக்கு மனப்பாடம். இவற்றில் மட்டும் பேரங்காடியின் வழக்கமான விலையை ஒட்டி நில்லுங்கள். சலுகை விலையைத் துரத்தாதீர்கள். 5 கிலோ பைகளைக் குறைத்து, 1 கிலோவாகவே வரும் பாக்கெட்டுகளை வையுங்கள். பெரிய மூட்டையைப் பிரித்து நீங்களே பொட்டலம் போட்டால், பொருளின் பெயர், நிகர எடை, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். சின்னக் கடைக்கு அது வீண் வேலை.

காலியாகும் இடத்தைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வெற்றிலை, வாழையிலைக்குக் கொடுங்கள். சமையல் பாதியில் இருக்கும்போது மின்தூக்கியில் இறங்கி வந்து வாங்குகிற பொருள்கள் இவை. ஆனால் வீணாவதும் இங்கேதான். கறிவேப்பிலை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைபட்டால் கறுத்துவிடும். வந்தவுடன் பரப்பி, ஈரம் போன பிறகு காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெற்றிலைக்குக் கடுங்குளிர் ஆகாது. ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் போதும்.

எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதில்தான் லாபம் இருக்கிறது. கட்டு 50 காசுக்கு 20 கட்டுக் கீரை வாங்கி, 1 வெள்ளிக்கு 12 கட்டு விற்று, மீதியை எறிந்தால் 2 வெள்ளிதான் மிஞ்சும். 12 கட்டு மட்டும் வாங்கியிருந்தால் 6 வெள்ளி. மாலையில் “தீர்ந்துவிட்டது” என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: அரசு குடும்பங்களுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டை வாடிக்கையாளரிடம் ஏற்பதால் எங்களுக்கு உண்மையில் பயன் உண்டா? (தெம்பனிஸ்)

பதில்: நிச்சயம் உண்டு. 2025 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் வழங்கிய 300 வெள்ளியில் பாதியை உணவங்காடிக் கடைகளிலும் அக்கம்பக்கக் கடைகளிலும் மட்டுமே செலவழிக்க முடிந்தது. பேரங்காடியால் தொட முடியாத பணம் அது. இதில் சேராமல் இருப்பது பெரிய இழப்பு.

2, 5, 10 வெள்ளி மதிப்புகளில் வருவதாலும் மீதிச் சில்லறை தரக்கூடாது என்பதாலும் கல்லாவில் தகராறு வரும். 4 வெள்ளி 20 காசுக்கு வாங்கியவரிடம் 5 வெள்ளிச் சீட்டை எடுக்காதீர்கள். இரண்டு 2 வெள்ளிச் சீட்டும் 20 காசு ரொக்கமும் கேளுங்கள். அல்லது 80 காசுக்கு ஒரு பொருளைக் கல்லா அருகே வையுங்கள். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் இந்தச் சீட்டு செல்லாது; தெரிந்தவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். காலையில் காய்கறிக்காரருக்குக் கொடுக்க ரொக்கத்தைத் தனியே ஒதுக்குங்கள்.

கேள்வி: பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத கடை பில்லில் 9 விழுக்காடு சேர்க்கலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: கூடாது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் வரி வசூலிப்பது குற்றம். ஆனால் மொத்த வியாபாரி உங்களிடம் வாங்கும் 9 விழுக்காடு திரும்பி வராது. ஆகவே பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையையே கொள்முதல் விலையாகப் பிடித்து, அதன்மேல் விற்பனை விலையைப் போடுங்கள்.