கேளுங்கள்: லிவர்மோர் யார்?

கே: கலிபோர்னியாவில் சிவா-விஷ்ணு கோயில் இருக்கிற லிவர்மோருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஊரை உண்டாக்கியவர் பெயரா?
- வாசகி, திருச்சி

ப: ஊர் உண்டானபோது அவர் உயிரோடே இல்லை. ராபர்ட் லிவர்மோர் இங்கிலாந்தின் எசெக்ஸ்காரர், பிறந்தது 1799. மாலுமியாக வந்தவர் 1822-ல் கப்பலை விட்டு நழுவி, அப்போது மெக்சிகோ வசமிருந்த கலிபோர்னியாவிலேயே தங்கிவிட்டார். கத்தோலிக்கராகி, ஹோசெஃபா ஹிகேராவை மணந்து, லாஸ் பொசிடாஸ் என்ற சுமார் 8,800 ஏக்கர் பண்ணைக்குப் பங்காளியானார். 1858-ல் காலமானார்.

அல்போன்சோ லாட் 1864-ல் கட்டிய ஹோட்டலைச் சுற்றி 'லாட்ஸ்வில்' என்றொரு குடியிருப்பு வளர்ந்திருந்தது. 1869-ல் ரயில் வந்தபோது நிலையம் அதற்கு மேற்கே அரை மைல் தள்ளிப் போய்விட்டது. அங்கே மனை பிரித்த வில்லியம் மெண்டன்ஹால்தான் லிவர்மோர் பெயரைச் சூட்டினார். 1871-ல் லாட்ஸ்வில் எரிந்தும் போனது. பாவம் லாட்!

கே: ராபர்ட் லிவர்மோர் தன் பண்ணையில் என்ன விவசாயம் செய்தார்?
- வாசகர், ஈரோடு

ப: பிரதானம் மாடு. பாலுக்கல்ல, தோலுக்கும் கொழுப்புக்கும். அன்றைய கலிபோர்னியாவில் காசுக்குப் பதில் மாட்டுத்தோலே கைமாறியது. உரித்த தோலை ஓரமெல்லாம் முளையடித்து விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். தளர விட்டால் சுருங்கி மடியும். காயாத மடிப்பு அழுகும், புழு வைக்கும். கொழுப்பைப் பெரிய இரும்புக் கொப்பரையில் உருக்கி, தோல் பைகளில் ஊற்றிக் கட்டிவிடுவார்கள். கப்பலேறிப் போய், தோல் செருப்பாகும்; கொழுப்பு சோப்பும் மெழுகுவர்த்தியுமாகும்.

1840-களில் திராட்சை, பேரி, ஆலிவ் நட்டார். பாதிரிமாருக்கு அடுத்து அந்த வட்டாரத்தில் திராட்சை போட்டவர் இவர்தான். பள்ளத்தாக்கின் தெற்கே கூழாங்கல் கலந்த சரளை மண். நம்மூரில் யாரும் வாங்கத் தயங்குவார்கள். ஆனால் குளிர்கால மழைத் தண்ணீர் வேரடியில் தேங்காது, அதனால் வேரழுகல் குறைவு. கோடையில் மழையே கிடையாது. வேர் ஈரம் தேடிக் கீழே இறங்கும், கொடி வீணாகத் தழைக்காது, பழத்தில் சர்க்கரை ஏறும். 1883-ல் வென்டி, கன்கானன் குடும்பங்கள் ஒயின் தோட்டம் போட்டது இந்தச் சரளையை நம்பித்தான்.

கே: லிவர்மோரியம் தனிமமும் அவர் பெயரா?
- மாணவர், மதுரை

ப: சுற்றி வளைத்து, ஆமாம். 116-ம் தனிமத்துக்கு 2012-ல் வைத்த பெயர் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைக் குறிக்கிறது. ஆய்வகத்துக்கு அது ஊரிலிருந்து வந்தது.